டிரையருக்குள் ஒட்டிக்கொள்ளும் சேலை

சிராங்கூன் சாலைக் கடைகளில் ஜார்ஜெட், கிரேப் என்று வாங்கும் சேலைகளில் பல பாலியஸ்டர் இழையில் நெய்தவை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டு மூங்கில் கழியில் காய்ந்தால் அவை சாதுவாக மடிந்துகொள்ளும். டிரையரில் போட்டு எடுத்தாலோ முந்தானையோடு ஒரு காலுறையும் ஒட்டிக்கொண்டு வரும். பிரித்தால் படபடவென்று பொறி தெறிக்கும். உடுத்திக்கொண்டு குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போனால் கொசுவம் காலைச் சுற்றிக்கொள்ளும்.

இது நிலைமின்சாரத்தின் வேலை. இரண்டு வகைத் துணிகள் தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான்கள் தாவுகின்றன. நைலானும் கம்பளியும் பொதுவாக விட்டுக்கொடுக்கும், பாலியஸ்டர் பிடுங்கிக்கொள்ளும். நேர்மின் ஏறியதும் எதிர்மின் ஏறியதும் ஒன்றையொன்று இழுக்கின்றன. சுழலும் டிரையரில் இந்த உரசல் ஓய்வதே இல்லை.

கழியில் ஆடும் துணியும்தான் உரசுகிறது. ஆனால் சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அந்த ஈரம் இழைமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சேரும் மின்னூட்டத்தை உடனுக்குடன் கடத்திவிடுகிறது. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூடப் பிடிக்காது. அந்தக் காலத்தில் பிராஸ் பாசா ஓடையில் துவைத்து டோபி காட் வெளியில் பருத்தித் துணி உலர்த்திய நம் சலவைத் தொழிலாளர்களுக்கு இந்தத் தொல்லையே இருந்திருக்காது.

ஆகவே அந்த ஈரமும் போகும்படி துணியை டிரையரில் மொறமொறவென்று காயவிடுவதுதான் வினை. பாலியஸ்டர் சேலைக்கு டிரையரே வேண்டாம் என்பேன். நீரை உறிஞ்சாத இழை, மின்விசிறிக் காற்றிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும். மழை நாளில் டிரையர்தான் கதி என்றால் பருத்தியையும் செயற்கை இழையையும் பிரித்துப் போடுங்கள். சூட்டைக் குறைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்து உதறிக் காயப்போடுங்கள்.

கடைசி அலசலில் ஊற்றும் மென்மையாக்கியும் உதவும். அதிலுள்ள நேர்மின் மூலக்கூறுகள் இழையில் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துவைக்கின்றன. துவாலைக்கு மட்டும் அது ஆகாது. துடைக்கும் திறன் குறைந்துவிடும்.

கிளம்பும் நேரத்தில் சேலை ஒட்டினால், கையை நனைத்து உள்பாவாடையின் மேல் லேசாகத் தடவுங்கள். அந்த உள்பாவாடை சாட்டினாக இல்லாமல் பருத்தியாக இருந்தால் பாதித் தொல்லை அப்போதே தீர்ந்தது.