எத்தீம்கானாக்களில் ஒழுக்கக் கல்வி

எத்தீம்கானா என்பது ஆதரவற்ற முஸ்லிம் சிறுவர்களை வளர்க்கும் இல்லம் ஆகும். அரபு மொழியில் எத்தீம் (யத்தீம்) என்ற சொல் பருவமடையும் முன்னர் தந்தையை இழந்த பிள்ளையைக் குறிக்கும். எனவே தாய் உயிருடன் உள்ள பிள்ளைகளும் இவ்வில்லங்களில் சேர்க்கப்படுவதுண்டு. இங்கு பள்ளிப் பாடங்களுடன், அக்லாக் எனப்படும் இஸ்லாமிய ஒழுக்கக் கல்வியும் அளிக்கப்படுகிறது.

சமய அடிப்படை

முகம்மது நபி பிறக்கும் முன்பே தந்தையையும், ஆறாம் வயதில் தாயையும் இழந்தவர். பாட்டனார் அப்துல் முத்தலிபும், அவருக்குப் பின் தந்தையின் உடன்பிறந்தாரான அபூ தாலிபும் அவரை வளர்த்தனர்.

எத்தீம்கள் பற்றிய குர்ஆன் கட்டளைகள் பெரும்பாலும் பிள்ளைகளை நோக்கியன அல்ல. அவர்களை வளர்ப்போரை நோக்கியனவே. எத்தீமை அடக்கி ஒடுக்குவதை 93:9 ஆம் வசனமும், அவர்தம் சொத்தை அநியாயமாக உண்பதை 4:10 ஆம் வசனமும் தடுக்கின்றன. கொடுத்ததைச் சொல்லிக்காட்டிப் புண்படுத்தினால் தருமம் பயனற்றுப் போகும் என்பது 2:264 ஆம் வசனத்தின் கருத்து. ஆகவே இல்லத்தில் ஒழுக்கக் கல்வி, பொறுப்பாளரின் நடத்தையிலிருந்தே தொடங்குகிறது. நன்கொடையாளர் முன் தலைகுனிந்து நிற்கப் பழக்கப்படும் பிள்ளை தன்மதிப்பைக் கற்றுக்கொள்வது கடினம்.

கற்பிக்கப்படுபவை

பலர் சேர்ந்து வாழும் இல்லத்திற்குச் சில நெறிகள் நேரடியாகப் பொருந்துகின்றன:

* தனிமையைப் பேணல்: வைகறைத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இரவுத் தொழுகைக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் பிறர் அறைக்குள் நுழையச் சிறுவர்களும் அனுமதி கேட்க வேண்டும் (24:58).
* பட்டப்பெயர் தவிர்த்தல்: பிறரைக் கேலி செய்வதும் பட்டப்பெயரிட்டு அழைப்பதும் விலக்கப்பட்டுள்ளன (49:11).
* தந்தை பெயர்: வளர்ப்புப் பிள்ளையும் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும் (33:5). இதனால் பிள்ளையின் குடும்ப அடையாளம் காக்கப்படுகிறது.
* பொருள் பொறுப்பு: எத்தீம்களின் பகுத்தறியும் திறனைச் சோதித்து வந்து, முதிர்ச்சி கண்டபின் அவர்களது சொத்தைச் சாட்சிகள் முன்னிலையில் ஒப்படைக்க வேண்டும் (4:6). பிள்ளைகளுக்குக் கணக்கு வழக்கைப் பழக்குவதும் ஒழுக்கக் கல்வியின் பகுதி என்பதற்கு இது அடிப்படையாகிறது.

மலபார் இல்லங்கள்

1921 ஆம் ஆண்டின் மலபார்க் கிளர்ச்சியில் பல குழந்தைகள் ஆதரவிழந்தனர். அவர்களுக்காகக் கோழிக்கோட்டில் 1922 இல் ஜே. டி. டி. இஸ்லாம் அநாதை இல்லம் தொடங்கப்பட்டது. காலரா பரவியதை அடுத்து 1943 இல் திரூரங்காடியில் மற்றோர் இல்லம் தோன்றியது. இதன் நிருவாகக் குழு 1968 இல் பி. எஸ். எம். ஓ. கல்லூரியை நிறுவியது. உணவும் உறைவிடமும் தரும் பணியாகத் தொடங்கிய இவை, பிள்ளைகள் பிறர் கையை எதிர்பாராது வாழ வழிசெய்யும் கல்வி நிறுவனங்களாக வளர்ந்தன.