இல்லத்துக் கருவூலம்

பொருளைத் தேடுதல் அரிது; தேடிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது என்பர் பெரியோர். பொன்னுக்கும் நெல்லுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, இக்காலத்தில் கணினிக் கோப்புகளுக்கும் பொருந்துவதாயிற்று. திருமணக் காட்சிகளைப் படம் பிடிப்போர், இசையை ஒலிப்பதிவு செய்வோர், பழஞ்சுவடிகளை ஒளிப்படமாக்குவோர் ஆகியோர் இல்லங்களில் நாள்தோறும் பெருங்கோப்புகள் குவிகின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் காட்சி, ஒரு மணி நேரத்தில் 45 கிகாபைட் இடத்தை நிரப்பிவிடும். இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? எவ்வாறு காப்பது?

கணினியில் எழுத்தும் படமும் ஒலியும் வன்தட்டு என்னும் கருவியில் பதிகின்றன. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் முதல் வன்தட்டுக் கருவியை வெளியிட்டனர். இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்கள் அதனுள் சுழன்றன. எனினும் அது கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு வன்தட்டு பல டெராபைட்டுகளைக் கொள்கின்றது. ஒரு டெராபைட் என்பது ஓர் இலட்சம் கோடி ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடமாகும். ஆயினும், நிமிடத்திற்கு 5,400 முறையோ 7,200 முறையோ ஓயாது சுழலும் பொறி ஒருநாள் நின்றுபோதல் உறுதி. எந்நாள் நிற்கும் என்பதுதான் எவர்க்கும் தெரியாது.

இவ்விடர்க்கு வழி காட்டியவர்கள் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்னும் மூவராவர். விலை மிக்க பெருந்தட்டு ஒன்றினுக்கு மாற்றாக, விலை குறைந்த சிறு தட்டுக்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து வழங்கலாம் என்று 1988-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு கட்டுரையில் விளக்கினர். தட்டுக்கள் பெருகப் பெருக, அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகும். ஆதலின், ஒன்று பழுதாயினும் செய்தி அழியாதவாறு சிறிது மிகைச் செய்தியையும் உடன் பதிதல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முறை. இதுவே ‘ரெய்டு’ எனப் பெயர் பெற்றது.

இம்முறையில் பல வகைகள் உள. நான்கு டெராபைட் அளவுள்ள தட்டுக்கள் நான்கு ஓர் இல்லத்தில் இருப்பதாகக் கொள்வோமாயின், அவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும். முதல் வகையில், கோப்பு துண்டு துண்டாக்கப்பட்டு நான்கிலும் பகிர்ந்து எழுதப்படும். 16 டெராபைட்டும் பயன்படும், வேகமும் மிகும். ஆனால் ஒரு தட்டுப் பழுதாயினும் யாவும் பாழாகும். இரண்டாவது கண்ணாடி வகை. ஒன்றில் எழுதியது அதன் இணையிலும் அவ்வாறே எழுதப்படும். ஆதலின் பயன்படும் இடம் 8 டெராபைட்டாகக் குறையும்.

மூன்றாவது வகை கணக்கின் துணை கொண்டது. 7, 4, 9 என்னும் மூன்று எண்களை மூன்று தாள்களில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகையாகிய 20-ஐ நான்காம் தாளில் எழுதுவதாகக் கொள்க. இரண்டாம் தாள் காணாமற்போயின், இருபதிலிருந்து ஏழையும் ஒன்பதையும் கழித்து, இழந்த எண் நான்கு என்று அறியலாம். கணினியோ சுழியும் ஒன்றுமாகிய இரு குறிகளையே கொண்டு, ஒற்றைப்படை இரட்டைப்படை பார்த்து இதனைச் செய்கின்றது. அச்சரிபார்ப்புக் குறிகள் ஒரே தட்டில் குவியாமல் நான்கிலும் பரவி நிற்கும். இவ்வகையில் 12 டெராபைட் பயன்படும்; ஒரு தட்டின் இழப்பைத் தாங்கலாம். நான்காம் வகையில் இரட்டைக் காப்புண்டு. பயன்படும் இடம் 8 டெராபைட்டே; ஆயின், எந்த இரண்டு தட்டுக்கள் பழுதாயினும் கோப்புகள் நிலைத்து நிற்கும்.

இவற்றுள் எதனைத் தேர்வது? இரண்டே தட்டுக்கள் உடையார்க்குக் கண்ணாடி வகை ஏற்றது. தட்டுக்கள் மிகவும் பெரியனவாயின் இரட்டைக் காப்பே அறிவுடைமையாகும். அதற்குக் காரணம் உண்டு. பழுதான தட்டை நீக்கிப் புதியதை வைத்தால், இழந்த செய்தி முழுவதையும் அதில் மீண்டும் எழுதுதல் வேண்டும். நொடிக்கு 200 மெகாபைட் வீதம் இடையறாது எழுதினும், 16 டெராபைட் தட்டு நிரம்ப 22 மணி நேரத்திற்கு மேலாகும். அந்நேரம் முழுவதும் எஞ்சிய தட்டுக்கள் கடுமையாக உழைக்கும். அவையும் ஒரே நாளில் வாங்கியவையாயின், ஒத்த முதுமையுடையவை. அப்போது இரண்டாவது தட்டும் வீழ்ந்தால், ஒற்றைக் காப்பு உதவாது.

தட்டுக்களை வாங்குங்கால் வேறு சிலவும் நோக்கத்தக்கன. சில தட்டுக்களில், கூரையில் ஓடு வேய்வதுபோல, ஒரு பதிவுத் தடத்தின்மேல் அடுத்த தடம் சிறிது படியுமாறு எழுதப்படும். இடையில் உள்ள ஓர் ஓட்டை மாற்ற அடுத்துள்ள ஓடுகளையும் பெயர்க்க வேண்டியிருப்பதுபோல, அவற்றில் திருத்தி எழுதுதல் நேரங் கொள்ளும். ஆதலின் பல தட்டுப் பேழைக்கு அவை ஏற்றவையல்ல. அளவு வேறுபட்ட தட்டுக்களைச் சேர்த்தால், பெரும்பாலும் மிகச் சிறிய தட்டின் அளவே ஏனையவற்றிற்கும் கணக்காகும். பேழையைக் கணினியுடன் இணைக்கும் கம்பியும் கருதத்தக்கது. ஒரு கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. வாய்க்கால் குறுகியதாயின், ஏரி பெரிதாயினும் வயலுக்கு விரைந்து நீர் பாயுமோ? எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் கோப்புகள் சிதையக்கூடும்; ஆதலின் யு.பி.எஸ். கருவியும் உடனிருத்தல் நன்று.

இவையெல்லாம் அமைந்த பின்னரும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல தட்டுப் பேழை, தட்டின் பழுதினின்று காக்குமேயன்றி மனிதர் பிழையினின்று காவாது. ஒரு கோப்பை ஒருவர் தவறுதலாக அழித்தால், கண்ணாடித் தட்டிலும் அது அக்கணமே அழியும். தீயும் திருட்டும் பேழை முழுவதையும் கொண்டுபோகும்.

1998-ஆம் ஆண்டில் பிக்ஸார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் கணினி ஓவியப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தனர். ஒருநாள், கோப்புகளை அழிக்கும் கட்டளையொன்று தவறுதலாக இடப்பட்டது. கலைஞர் பலரின் உழைப்பு அவர்கள் கண்முன்னே மறைந்தது. காப்புப் படியை நாடினர். அதுவும் முறையாகப் பதிவாகியிருக்கவில்லை. அப்போது, கேலின் சூஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர், தம் வீட்டுக் கணினியில் ஒரு படி இருப்பதை நினைவுகூர்ந்தார். கைக்குழந்தையைப் பேணிக்கொண்டே வீட்டிலிருந்து பணிபுரிவதற்காக அவர் அதனை வைத்திருந்தார். அக்கணினியைக் கம்பளங்களால் சுற்றி, குழந்தையைக் கொணர்வதுபோல் காரில் கொணர்ந்தனர். படம் பிழைத்தது; 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இதனாலன்றோ, மூன்று படிகள், இருவேறு வகைக் கருவிகள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில் என்று வல்லுநர் விதி வகுத்துள்ளனர். வைத்த படியை அவ்வப்போது திறந்து பார்த்தலும் இன்றியமையாதது. பல தட்டுக்களுக்குச் செலவிட்டுக் காப்புப் படிக்குப் பொருளில்லாமற் போவதினும், சிறிய பேழையொன்றும் உறவினர் வீட்டில் ஒரு படியும் வைப்பது மேலாகும். பூட்டு எத்துணை உறுதியாயினும், விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் வைக்க உழவர் துணியார்.