ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

"அண்ணே, தொடை இடுக்குல ஒரே அரிப்பு. சட்டுனு கேக்குற மாதிரி ஒரு ஆயின்மென்ட் குடுங்க."

கோடை தொடங்கிவிட்டால் மருந்துக்கடைகளில் இந்தக் குரலுக்குப் பஞ்சமே இருக்காது. காட்டிச் சொல்ல வெட்கம், டாக்டர் ஃபீஸ் வேறு; ஆகவே படர்தாமரைக்குப் பெரும்பாலும் கடைக்காரரே வைத்தியர். அதில் பெரிய தப்பில்லை. காசு அளவில் ஒன்றிரண்டு வட்டம் என்றால் க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற சாதாரண பூஞ்சை மருந்துகளே போதும். வம்பு, அந்த "சட்டுனு" என்பதைக் கேட்டுக் கடைக்காரர் எடுத்து நீட்டும் ட்யூபில்தான்.

படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் அதை எதிர்த்து உடல் காட்டும் கோபம். பூஞ்சை மருந்து கிருமியை மெல்ல ஒடுக்கும். அரிப்பு அடங்கச் சில நாள் பிடிக்கும். கடைக்காரர் நீட்டும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமோ உடலின் கோபத்தை அடக்கிவிடுகிறது. ஓரிரு நாளில் அரிப்பு போகும், சிவப்பு மங்கும். தட்டிக்கேட்க ஆளில்லாத பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். க்ரீமை நிறுத்தியதும் முன்பைவிட அகலமாகக் கிளம்பும். மறுபடியும் அதே ட்யூப்.

நாளடைவில் அந்த வட்ட வடிவமே கலைந்துபோகும். தோல் மருத்துவரையே குழப்பும் இந்தத் தோற்றத்துக்கு 1968-லேயே 'டினியா இன்காக்னிடோ' என்று பெயரிட்டுவிட்டார்கள். தொடை இடுக்கு, அக்குள் போன்ற மெல்லிய தோலில் ஸ்டீராய்டு விழுந்துகொண்டே இருந்தால் கோடுகோடாகத் தழும்பு விழும். அது மறையாது.

இந்தியக் கடைகளில் கிடைத்த கலவைகள் சாமானியமானவை அல்ல. மிக வீரியமான ஸ்டீராய்டான க்ளோபெட்டசால், ஒரு பூஞ்சை மருந்து, ஓர் ஆன்டிபயாடிக், போதாததற்கு வயிற்றுக் கிருமிக்குக் கொடுக்கும் ஆர்னிடசோல், எல்லாம் ஒரே ட்யூபில்! 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடை செய்தபோது இப்படிப்பட்ட சில தோல் க்ரீம்களும் அதில் அடிபட்டன. பல ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற விதியும் அதே ஆண்டில் வந்தது. விதி வந்தது, விற்பனை நின்றபாடில்லை.

இதற்கிடையே பூஞ்சையும் மாறிவிட்டது. டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்துக்கு எளிதில் மசியாத ஒரு வகைக்கு 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே' என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அது நியூயார்க்கிலும் தென்பட்டதாக 2023-ல் அறிக்கை வந்தது. கண்டபடி பூசப்பட்ட கலவை க்ரீம்கள் இதற்கு வழிவிட்டிருக்கலாம் என்பது தோல் மருத்துவர்கள் பலரின் சந்தேகம்.

ஆகவே காசு கொடுக்குமுன் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகிய ஸ்டீராய்டுகளில் ஒன்று கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூஞ்சை மருந்து மட்டும் உள்ளதைக் கேட்கலாம்.

பூசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வட்டத்தின் ஓரத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் வரை மெல்லியதாகத் தடவ வேண்டும். க்ளோட்ரிமசோல் என்றால் தினம் இருவேளை, இரண்டு முதல் நான்கு வாரம். அரிப்பு நின்ற அன்றே ட்யூபை மூடிவைப்பவர்கள்தான் அதிகம். தோல் தெளிந்த பிறகும் ஓரிரு வாரம் பூச வேண்டும். துண்டு தனியாக இருக்கட்டும். இறுக்கமான ஜீன்ஸுக்குக் கொஞ்ச நாள் விடுப்பு. பூண்டை அரைத்துக் கட்டும் வைத்தியம் வேண்டவே வேண்டாம், தோல் வெந்து கொப்புளித்துவிடும்.

தலையிலும் நகத்திலும் வரும் பூஞ்சைக்குக் க்ரீம் பெரும்பாலும் போதாது, மாத்திரை தேவைப்படும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோலைக் கேட்காமல் பூசக் கூடாது. ரத்தக்கசிவு அபாயம் உண்டு. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், உடம்பில் பல இடத்தில் பரவியவர்கள், இரண்டு வாரம் பூசியும் குணம் தெரியாதவர்கள் டாக்டரிடம் போய்விடுவதே நல்லது.

வெளுத்த திட்டை எல்லாம் தேமல் என்று எண்ணிக் க்ரீம் தடவுவதும் நடக்கிறது. அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.