கணிப்பொறி விளையாட்டும் வளர்ந்துவரும் வன்பொருள் தேவையும்

புதுச்சேரியில் நடுத்தரக் குடும்பத்து வீட்டிற்குள் கணிப்பொறி பெரும்பாலும் படிப்பின் பெயரால்தான் நுழைகிறது. கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கெனத் தவணை முறையில் வாங்கப்படும் அப்பொறி, ஓரிரு திங்களில் விளையாட்டுக் களமாகவும் ஆகிவிடுகிறது. அதில் நாம் குறை காணவில்லை. பாடம் எழுதிய கை சற்றே விளையாட விழைவது இயல்பே. ஆனால் மூன்றாண்டுகள் கழிந்ததும் அதே பிள்ளை, 'புதிய விளையாட்டு எதுவும் இதில் ஓடவில்லை' என்று தந்தையின் முன் வந்து நிற்கிறான். பொறி பழுதாகவில்லை, விசைப்பலகையில் ஓர் எழுத்தும் அழியவில்லை. பின் எங்ஙனம் அது பழையதாயிற்று? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

ஒரு பெயர், இரு பிறவிகள்

அமெரிக்காவின் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1993 டிசம்பரில் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு 386 வகை நுண்செயலியும் 4 மெகாபைட் நினைவகமும் போதுமானவையாக இருந்தன. அதன் இலவச முதற்பகுதி இரண்டு நெகிழ்தட்டுகளில் அடங்கிக் கைமாறியது. அதே நிறுவனம் 2025 மே திங்களில் வெளியிட்ட 'டூம்: தி டார்க் ஏஜஸ்' கேட்கும் குறைந்த அளவு நினைவகமோ 16 கிகாபைட். அஃதாவது 4,096 மடங்கு. வட்டில் 100 கிகாபைட் இடமும், ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர் அல்லது அதற்கு நிகரான, 8 கிகாபைட் தனி நினைவகம் கொண்ட வரைகலை அட்டையும் வேண்டும். படிப்பிற்கென வாங்கப்படும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் இத்தகைய தனி அட்டை இராது.

இவ்வளர்ச்சி முழுவதும் விளையாடுவோரின் இன்பத்திற்காகவே நிகழ்ந்ததா என்பது ஆராயத்தக்கது. இதற்கு ஒளியைப் பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும்.

1996-இல் அந்நிறுவனம் 'குவேக்' என்னும் விளையாட்டை உருவாக்கியபோது, எந்தச் சுவரில் வெளிச்சம் படும், எந்த மூலையில் நிழல் விழும் என்பவற்றைத் தன் பொறிகளிலேயே முன்கூட்டிக் கணித்தது. கணித்த விடைகளைச் சிறு சிறு படங்களாக்கி விளையாட்டோடு சேர்த்து வழங்கியது. வாங்கியவரின் பொறி அவ்விடைகளை எடுத்துச் சுவரில் ஒட்டினால் போதும். சமைத்த சோற்றைப் பாத்திரத்தில் கொடுத்தனுப்பியது போன்றது அது. ரே டிரேசிங் எனப்படும் ஒளிக்கதிர்த் தடமறியும் முறையோ வேறு. ஒளிக்கதிர் எங்கெங்கு பட்டுத் தெறித்துக் கண்ணை அடைகிறது என்பதை, ஒவ்வொரு படம் திரையில் தோன்றும்போதும் விளையாடுவோரின் பொறியே கணிக்க வேண்டும். நொடிக்கு 60 படங்கள் எனில் நொடிக்கு 60 முறை அக்கணக்கு நிகழ வேண்டும். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்டு தி கிரேட் சர்க்கிள்' இம்முறையைக் கட்டாயமாக்கியது. புதிய டூமும் அவ்வழியே சென்றது.

இதனால் காட்சி அழகு பெறுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. நகரும் விளக்கிற்கேற்ப நிழலும் நகர்கிறது. நீரில் மாளிகை தெரிகிறது. எனினும் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஒளியை முன்கூட்டிக் கணித்து வைக்கும் உழைப்பும் காலமும் நிறுவனத்திற்கு மிச்சமாகின்றன. அவ்வுழைப்பு, வாங்கும் ஒவ்வொருவரின் வரைகலை அட்டை மீதும் மின்கட்டணத்தின் மீதும் ஏறுகிறது. அடுப்பும் அரிசியும் இப்போது நம் பொறுப்பு. இதனைத் தந்தைமார் அறிந்திருத்தல் நன்று.

'குறைந்த அளவு' என்பதன் பொருள்

விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில் 'குறைந்த அளவு', 'பரிந்துரைக்கப்படும் அளவு' என இரு பட்டியல்கள் உள்ளன. குறைந்த அளவு என்றால் நன்றாக ஓடும் என்று பலர் எண்ணுகின்றனர். 2025 பிப்ரவரியில் வெளிவந்த 'மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ்' இதற்கு நல்ல சான்று. அதன் குறைந்த அளவுப் பட்டியல் உறுதியளித்தது நொடிக்கு 30 படங்களே. அவையும் சிறிய அளவில் வரையப்பட்டுப் பின்னர் பெரிதாக்கப்பட்டவை. பரிந்துரைப் பட்டியலின் 60 படங்களிலோ, உண்மையாக வரையப்பட்ட இரு படங்களுக்கு இடையே பொறி தானே இட்டு நிரப்பும் படங்களும் சேர்த்து எண்ணப்பட்டிருந்தன. இது அடிக்குறிப்பில் ஒளிவின்றி எழுதப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?

நாம் அறிந்த மாணவர் ஒருவர், விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்துடன் கிழக்குக் கடற்கரைச் சாலைவழி 150 கிலோமீட்டர் பயணம் செய்து, சென்னை ரிச்சி தெருவில் வரைகலை அட்டை ஒன்றை வாங்கி வந்தார். விளையாட்டின் பட்டியலை எழுத்தெண்ணிப் படித்தவர், தம் பொறியின் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்கவில்லை. அட்டைக்கு மின்சாரம் தரும் இணைப்புக் கம்பியே அதன் மின்வழங்கியில் இல்லை! அட்டை பல நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 2060 சூப்பர் அட்டை மட்டும் 175 வாட் வரை உண்ணும். நம் வீட்டுப் பழைய வகைக் கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட். 2025 சனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 அட்டைக்கோ 575 வாட் வேண்டும். அது முழுவதும் அறைக்குள் வெப்பமாகவே வெளிப்படும். புதுவையின் சித்திரை மாதப் புழுக்கத்தில் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆற்றல் குறையாத பொறியும் பழையதாவதுண்டு. ஸ்டீம் என்னும் விற்பனைத் தளம் 2024 சனவரி முதல் நாளுடன் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிற்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் பட்டியலில் உள்ள நுண்செயலியும் இல்லாத பொறிகளை முறைப்படி ஏற்பதில்லை. நேற்றுவரை ஓடிய பொறி, வேகம் சிறிதும் குறையாமலே தகுதி இழக்கிறது.

விலை நிலவரமும் நம் கையில் இல்லை. எண்மப் பணத்தை ஈட்டுவதற்காக வரைகலை அட்டைகள் வாங்கிக் குவிக்கப்பட்டதால் 2021-இல் அவை கிடைத்தற்கரியனவாயின. 2025-இன் இறுதியிலோ செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் நினைவகத்தின் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' வணிகத்திலிருந்து விலகுவதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது.

எல்லா விளையாட்டும் இங்ஙனம் கேட்பதில்லை என்பதையும் கூறவேண்டும். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா', டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. வரைந்த படங்களால் ஆன அவ்விளையாட்டு, 2017-இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் என்னும் கைக்கருவியிலேயே இயங்குகிறது. 2024-இல் அது பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றது. அதில் நாம் முதலில் செய்யவேண்டியது இட்லி அவிப்பதே. கதிர்த்தடக் கணக்கு இட்லிக்குத் தேவைப்படவில்லை.

பெரிய விளையாட்டையே விரும்புவோர் புதுப்பொறி வாங்கப் புறப்படுமுன் உள்ள பொறியைத் திறந்து பார்க்கலாம். மேசைக் கணிப்பொறியில் மின்வழங்கியின் வாட் அளவு அதன் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும். பழைய வன்தட்டிற்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே பல பொறிகள் உயிர்பெற்று எழுகின்றன. ஐயம் இருப்பின் வாங்கியே சோதிக்கலாம். வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால், கேட்பவர்க்கு ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது.