சீமையிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு

ஐரோப்பாவிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு வருகிறவருக்கு இன்று சென்னை தேவையில்லை. தேவனஹள்ளியில் இறங்கி, பெங்களூரைக் குறுக்காகக் கடந்து, அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்தால், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வீட்டு வாசலுக்கே கார் வந்துவிடும். 2008 மே மாதம் அந்த விமான நிலையத்தைத் திறந்தபோது தர்மபுரி மாவட்டத்தை யாரும் மனதில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு வெளிநாட்டு வாசல் அதுதான் என்று ஆகிவிட்டது. பிராங்பர்ட்டில் மதியம் ஏறுகிறவர் நள்ளிரவு தாண்டிப் பெங்களூரில் இறங்குகிறார். விடியும் நேரத்தில் ராயக்கோட்டையில் தக்காளிக் கூடைகள் லாரி ஏறுவதைப் பார்க்கிறார். காலைக் காப்பி வீட்டில்.

நூறு ஆண்டுக்கு முன்பு இந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபரில்தான். அந்தக் காலத்தில் சீமையிலிருந்து ஒருவர் இங்கே வந்து சேர வேண்டுமானால் என்ன பாடு என்று நினைத்துப் பார்க்கிறேன். சூயஸ் கால்வாய் வழியாகக் கப்பல் பம்பாய் வரும். பம்பாயிலிருந்து ரயிலில் ராய்ச்சூர், குண்டக்கல், அரக்கோணம். அங்கே வண்டி மாறி, காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக மொரப்பூர். மொரப்பூரில் மறுபடி இறங்கி, 1906-இல் தர்மபுரி வரைக்கும் போட்டிருந்த குறுகிய பாதையின் சின்ன ரயிலில் ஏற வேண்டும். தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு மாட்டு வண்டி. அந்தச் சின்ன ரயில் 1913-இல் ஓசூர் வரைக்கும் நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மொரப்பூரையும் தர்மபுரியையும் மறுபடி ரயிலால் இணைக்க வேண்டும் என்று இந்த மாவட்டம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

கப்பல் பயணத்தின் நீளத்துக்கு நம்மிடம் நல்ல சாட்சிகள் இருக்கிறார்கள். கணித மேதை ராமானுஜன் 1919 பிப்ரவரி 27 அன்று இங்கிலாந்தில் ‘நகோயா’ என்ற கப்பலில் ஏறினார். பம்பாயில் இறங்கியது மார்ச் 27. நோயோடு, ஒரு மாதம் கடலில். துறைமுகத்தில் தாயார் கோமளத்தம்மாளும் தம்பியும் காத்திருந்தார்கள். அங்கிருந்து ரயில் பிடித்துச் சென்னை வந்தபோது ஏப்ரல் பிறந்துவிட்டது. வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, 1931 டிசம்பரில் லண்டனை விட்டு, சுவிட்சர்லாந்தில் எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தோடு சில நாள் தங்கி, ரோம் நகரைப் பார்த்துவிட்டு, 14-ஆம் தேதி இத்தாலியின் பிரிந்திசி துறைமுகத்தில் ‘பில்ஸ்னா’ கப்பலில் ஏறினார். பம்பாய் வந்தது 28-ஆம் தேதி. ஒரே வாரத்தில், ஜனவரி 4 அன்று, கைதாகிவிட்டார். ரோலந்தோடு கழித்த அந்த நாள்களும் கப்பலில் பிரயாணம் செய்த அந்த இரண்டு வாரமும் இல்லாமல், லண்டனிலிருந்து நேரே எரவாடா சிறைக்குப் போயிருந்தால் எப்படியிருக்கும்? கப்பல் தாமதமாகக் கொண்டுவந்து சேர்த்தது என்பது உண்மைதான். வருகிறவரை ஊருக்குத் தயாராக்கிக் கொண்டுவந்து சேர்த்தது என்பதும் உண்மை.

சீமை போய்த் திரும்பியவர்களின் நிழல் பாப்பாரப்பட்டியிலும் விழுந்திருக்கிறது. வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா, சிறையில் பிடித்த தொழுநோயோடு இங்கே வந்து ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தார். 1923-இல் அதற்கு அடிக்கல் நாட்ட வந்தவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். இங்கிலாந்தில் பாரிஸ்டர் படித்துத் திரும்பியவர். சிவாவின் தோழர் வ.வே.சு. ஐயரும் லண்டன் போனவர்தான். அவர் திரும்பி வந்ததோ, போலீஸ் தேடுகையில் மாறுவேடத்தில், 1910 கடைசியில், புதுச்சேரிக்கு. இந்த மூவரும் 1925-இல் ஜூன், ஜூலை என்று இரண்டு மாதத்துக்குள் காலமானது இன்றும் என் நெஞ்சை அழுத்துகிற செய்தி. சிவா ஐரோப்பா போகவில்லை. ஆனால் இந்த ஊர் அறிந்த வீடு திரும்பல்களில் மிகக் கடினமானது அவருடையது. நோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏறவே கூடாது என்று ஆங்கில அரசு தடுத்துவிட்டது. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றிய அந்த மனிதர், கடைசியில் இங்கே வந்து சேர்ந்துதான் 1925 ஜூலை 23 அன்று கண்ணை மூடினார். அவர் கட்ட நினைத்த பாரத மாதா கோயிலைப் பிற்காலத்தில் அரசு நினைவாலயமாகக் கட்டிக் கொடுத்தது.

நடுவில் ஒரு காலம் உண்டு. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் ‘மலபார் பிரின்சஸ்’ பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. ஆனாலும் விமானம் பணக்காரர்களுக்கானது; மாணவர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கப்பலில்தான் வந்துபோனார்கள். 1967-இல் சூயஸ் அடைபட்டு, எட்டு ஆண்டு மூடியே கிடந்தபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியிருந்தது. சீமைப் பயணிக் கப்பல்கள் அதன்பின் மெல்ல மெல்ல நம் கரையை மறந்தன. அது வெளிநாடு போகிறவர் கையில் எட்டு டாலர் கொடுத்து அனுப்பிய காலம். ஊர் சுற்றிப் பார்க்க என்று சொன்னால் ரிசர்வ் வங்கியில் காது கொடுக்கமாட்டார்கள். படிக்கப் போனவர், வேலையாகப் போனவர், இவ்வளவுதான். திரும்பும் தேதியை நீல நிற ஏரோகிராமில் எழுதிப் போட்டால், ஆள் வந்து நாலு நாள் கழித்துக் கடிதம் வருவதும் உண்டு. அவசரக்காரர்கள் தந்தி கொடுத்தார்கள். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு போய்விட்டது.

இத்தனையும் வேகத்தின் கதை. வேகம் கூடியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுகிற மாற்றம் வேறு. அன்று சீமையிலிருந்து திரும்பியது பிள்ளை. துறைமுகத்தில் நின்றது தாய். இன்று விமானத்தில் திரும்புகிறவர்கள் தாயும் தந்தையும். பிள்ளை அங்கேயே நிற்கிறான். பாப்பாரப்பட்டி, இண்டூர், பென்னாகரம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று விசாரித்துப் பார்த்தால் தெரியும். ராகியும் தக்காளியும் போட்டுப் படிக்கவைத்த பிள்ளைகள் ஓசூர் போனார்கள், பெங்களூர் போனார்கள், அங்கிருந்து ஸ்டுட்கார்ட் போனார்கள். கோடை வந்தால் அப்பா அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்.

என் அக்காவும் மாமாவும் ஜெர்மனியில் இருக்கும் மகனிடம் அப்படித்தான் போனார்கள். அவர்களுடைய விடுமுறைக்கு ஒரு வேலி உண்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் சுற்றுலா விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படமும் விரல் ரேகையும் பதிவுசெய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாள் கணக்கைக் கணினியே வைத்துக்கொள்கிறது. சித்திரை கடைசியில் போனவர்களுக்கு ஆடியில் கெடு முடிகிறது. “ஆடிப் பதினெட்டுக்குள்ள ஊர்ல இருக்கணும்டா” என்று அக்கா போன உடனேயே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி வாரம் வந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

கடைசி நாள்களில் ஒன்றை ரைன் அருவிக்குக் கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஷாப்ஹவுசன் பக்கத்தில் இருக்கிறது. உயரம் 23 மீட்டர், அகலம் சுமார் 150 மீட்டர். நடுவில் ஒரு பாறை நிற்கிறது, படகில் போய் அதன்மேல் ஏறலாம். மாமா வாழ்நாளெல்லாம் ஒகேனக்கல்லைப் பார்த்தவர். பரிசல் ஓட்டுகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் அந்தப் படகில் உட்கார்ந்து, போனில் எனக்கு நீரைக் காட்டி, “தண்ணி நெறைய, பாறை கம்மி. நம்முளுதுல பாறைதான் அழகு” என்றார். அதோடு விடவில்லை. அங்கே கரையில் ஒரு காகிதம்கூடக் கிடக்கவில்லை, நம் ஊரில் எண்ணெய்ப் பாக்கெட்டும் சோப்பு உறையும் காவிரியில் மிதக்கின்றன, இதை யாராவது கேட்க வேண்டாமா என்று கோபப்பட்டார். இரண்டு அருவியையும் கண்ணால் கண்ட ஒருவரின் கோபம் அது. ஒகேனக்கல்லை நிர்வகிக்கிறவர்கள் அதைக் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அடுத்து சாமான். ஒரு பெட்டி 23 கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருக்கும். வீட்டுக்கு வீடு சாக்லேட், ஓரகத்திக்கு கிரீம், தம்பி பிள்ளைகளுக்குப் பேனா, டிராக்டர் ஓட்டுகிற பையனுக்கு ஒரு டார்ச் லைட். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. பயணம் திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமையே வாங்கி முடித்திருக்க வேண்டும். இது தெரியாமல் கடைசி நாளை ஒதுக்கி வைத்து ஏமாந்த பெற்றோர்கள் உண்டு. ஒரே கடையில் ஐம்பது யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள். கடையில் தருகிற படிவத்தையும் பொருளையும் விமான நிலையச் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டுப் போய் நின்றால் பணம் போனதுதான். காலி பாட்டிலுக்கு 25 சென்ட் கொடுக்கும் எந்திரத்தை அக்காவுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. பேரனை அழைத்துக்கொண்டு போய் வீட்டில் இருந்த பாட்டில் அத்தனையும் போட்டுவிட்டு வந்தாளாம்.

அவள் நிஜமாக வேலை செய்தது சமையலறையில். வெங்காயமும் தக்காளியும் வதக்கிச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து உறைபெட்டியில் அடுக்கினாள். சாம்பார்ப் பொடி டப்பா மீது தேதி எழுதி ஒட்டினாள். ராகி மாவில் களி கிண்டும் பதத்தை மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தாள். “நான் போனப்புறம் ஒரு மாசத்துக்குக் கவலையில்ல” என்று போனில் சொன்னபோது குரல் கம்மியது. ஊரிலிருந்து கொண்டுபோன பெட்டி கனமாக இருந்தது, திரும்பி வந்த பெட்டியும் கனம்தான். நடுவில் அங்கே இறக்கி வைத்துவிட்டு வந்தது எவ்வளவு என்று எந்த விமான நிறுவனத்துத் தராசும் காட்டாது.

பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. கடைசி இரண்டு நாளைக் கடைவீதிக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாரிஸ், வெனிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று முன்னமே ஓட்டமாக ஓடியிருப்பீர்கள். கடைசி நாள் வீட்டில் உட்காருங்கள். அம்மா செய்கிறதைப் பக்கத்தில் நின்று செய்யுங்கள். அப்பாவை உங்கள் அலுவலக வாசல் வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஈபிள் கோபுரத்தின் படத்தை மாமா யாரிடமும் நீட்டுவதில்லை. மகன் தினமும் ஏறுகிற டிராம் நிறுத்தத்தில் அவனோடு நின்று எடுத்த படத்தைத்தான் டீக்கடையில் காட்டுகிறார்.

விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தார்கள். இருவருக்கும் நடக்க முடியாமல் அல்ல. அறிவிப்பு புரியாமல் வழி தவறிவிடக் கூடாது என்று மகன் செய்த ஏற்பாடு. வயதான நம் பெற்றோர் பலர் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ராமானுஜனின் கப்பலுக்கு ஒரு மாதம் இருந்தது. இவர்களுக்கு ஒன்பது மணி நேரம்கூட இல்லை. மதியம் பேரன் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். மறுநாள் காலையில் பாலக்கோட்டைத் தாண்டும்போது அக்கா ஜன்னலில் தலை சாய்த்து, “அவன் இப்ப தூங்கிட்டிருப்பான்” என்றாள். அங்கே நடு இரவு. கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அந்த மூன்றரை மணி நேரம் அவள் உடம்பில் பல நாள் இருந்தது. இரவில் உறக்கம் வராமல் புரண்டு, விடிந்து நேரம் கழித்து எழுந்து வாசல் தெளித்தாள், மத்தியானம் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். அக்கம்பக்கத்தார் சாக்லேட் வாங்கிக்கொண்டு, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்கள். பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார்.

அன்று கப்பலில் வந்தவரிடம் ஊரே உட்கார்ந்து கதை கேட்டிருக்கும். இன்று படங்கள் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றிவிடுகிறது. எனக்கு அது வருத்தம்தான். அவர்கள் பார்த்ததில் முக்கால்வாசி படத்தில் இல்லை. ஆகவே ஒரு சாயங்காலம் நான் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அருவி, பாட்டில் எந்திரம், டப்பாக்கள், டிராம் எல்லாம் அப்போது வந்தவைதான். இருட்டும் வரைக்கும் பேசினார்கள்.

அடுத்த பயணக் கணக்கும் தொடங்கிவிட்டது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியர்களுக்கு விசா விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய் வந்தவர்களுக்கு, பலமுறை போய்வரும் இரண்டு ஆண்டு விசா கிடைக்கும். அதற்கடுத்து ஐந்து ஆண்டு விசாவும் உண்டு. மாமா இதைக் கேட்டுவிட்டு பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியைப் பார்த்தார். அக்கா வேறு யோசனையில் இருந்தாள். “நாங்களே எத்தன வாட்டி போறது? அவங்க வரட்டும். பையனுக்கு அங்க ஆடி பாதியிலதான் பள்ளிக்கூடம் லீவு விடறாங்க” என்றாள். அந்த வாரங்களில்தான் டிக்கெட் விலை உச்சியில் இருக்கும். அது அவளுக்கும் தெரியும். மேல்மாடியில் ஓர் அறை கட்டுவதற்குக் கொத்தனாரிடம் மாமா பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். தை பிறந்ததும் வேலை தொடங்குகிறார்கள்.