துளைக்கருவிக் குழு

தோல், துளை, நரம்பு, கஞ்சம் என இசைக்கருவிகளை நால்வகைப்படுத்துவது நம் மரபு. இவற்றுள் துளைக்கருவிகளை முதன்மையாகக் கொண்ட குழுக்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. ராச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் 1952-இல் பிரெடரிக் பென்னல் என்பார் அமைத்த குழு அவற்றிற்கு முன்மாதிரி ஆயிற்று. அதில் ஒரு பகுதியை வாசிப்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் ஓய்ந்தால் அப்பகுதியும் ஓய்ந்துவிடும்.

மாணவர்களே! நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றாகிய இளையாத்தங்குடிக் கோயிலை அறிவீர்கள். அத்தகைய கோயில்களுக்கு உரிய பெரிய மேளமும் துளைக்கருவியை முதன்மையாகக் கொண்ட குழுவே. நாகசுரம், தவில், தாளம், ஒத்து என்பன அதன் உறுப்புகள்.

நாகசுரம் ஆச்சா மரத்தால் ஆவது. பழைய வீடுகளைப் பிரிக்கும்பொழுது கிடைக்கும் முதிர்ந்த மரமே சிறந்தது என்பர் நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர். அதன் சீவாளி இரட்டை நாவுடையது. மேனாட்டு ஓபோ என்னும் கருவியும் அவ்வாறே.

ஒத்து தோற்றத்தில் நாகசுரம் போன்றது. ஆயினும் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கு இல்லை. சுருதி ஒன்றையே இடைவிடாது ஒலிப்பது அதன் தொழில். ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளிப்படும்பொழுதே மூக்கால் மூச்சை உள்ளிழுப்பார். எளிய வேலை என எண்ணற்க! நாகசுர மாணாக்கர் பலர் முன்னாளில் ஆசிரியரின் அருகே நின்று ஒத்து ஊதியே சுருதியையும் மூச்சடக்கத்தையும் கற்றனர்.

இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாகசுரமும் தவிலும் பாடங்களாக உள்ளன. மேளங்களிலோ, ஒத்துக்காரர் நின்ற இடத்தில் பெரும்பாலும் இன்று சுருதிப்பெட்டி இருக்கின்றது. அது களைப்பதில்லை, பிழைப்பதுமில்லை. ஆனால், அதனருகே நின்று கற்கும் மாணாக்கன் இல்லை.