பணிக்குச் செல்வோருக்கு ஏற்ற முதுகுப்பை: தேர்ந்தெடுப்பது எப்படி?

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம், அனல்மின் நிலையம், சரக்குப் பெட்டக முனையங்கள், அவற்றைச் சார்ந்த அலுவலகங்கள் ஆகியவற்றுக்கு நாள்தோறும் செல்வோரில் பலர் முதுகுப்பை சுமந்து செல்கின்றனர். கழுத்துவலி, தோள்வலி என்று மருத்துவமனைக்கு வருவோரில் பலர் தம் பையின் எடையை ஒருமுறையேனும் நிறுத்துப் பார்த்ததில்லை. எனவே, பை வாங்குமுன் அதில் வைக்க வேண்டிய பொருள்களை எடை போட்டுப் பாருங்கள்.

எவ்வளவு சுமக்கலாம்?

மாணவரின் புத்தகப்பை உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்று ஒன்றிய அரசின் பள்ளிப் பை கொள்கை, 2020 கூறுகிறது. நாள்தோறும் பை சுமக்கும் பெரியவர்களும் இவ்வளவைக் கடைப்பிடிப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 6 கிலோ ஆகும். மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 2.5 கிலோ, பாதுகாப்புக் காலணி 1.5 கிலோ, தண்ணீர் ஒரு லிட்டர், மதிய உணவு 1 கிலோ, வெறும் பை 1 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 7 கிலோ ஆகிவிடும். காலணியைப் பணியிடத்திலேயே வைத்துவிட்டால் இது 5.5 கிலோவாகக் குறையும். எடையைக் குறைப்பதற்காகக் குடிநீரைக் குறைக்க வேண்டாம். நம் கடற்கரை வெயிலுக்கு அது தீங்காகும். சிறிய புட்டியைப் பணியிடத்தில் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம்.

பையில் கவனிக்க வேண்டியவை

• அளவு: நாள்தோறும் பயன்படுத்த 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவு போதும். பெரிய பையில் தேவையற்ற பொருள்களும் சேர்ந்துவிடும்.
• தோள்பட்டை: அகலமாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் காறை எலும்பின் அடியில் செல்கின்றன. குறுகிய பட்டையில் மிகுந்த எடை தொங்கினால் அவை அழுத்தப்பட்டுக் கை மரத்துப்போகலாம்.
• மார்புப்பட்டை, இடுப்புப்பட்டை: மார்புப்பட்டை தோள்பட்டைகள் நழுவாமல் காக்கும், இடுப்புப்பட்டை தோளின் சுமையில் ஒரு பகுதியை இடுப்பெலும்புக்கு மாற்றும்.
• நீளம்: பையின் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே தாழ்ந்து தொங்கக் கூடாது.
• உள்ளறை: மடிக்கணினி முதுகை ஒட்டி அமைய வேண்டும். எடை முதுகைவிட்டு விலகினால் உடல் முன்னோக்கி வளையும்.
• பொருள்: உப்புக்காற்றில் உலோக ஜிப் துருப்பிடிக்கும், நைலான் ஜிப் நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு மழையுறை தேவை.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்தால் போதாது. நீங்கள் வழக்கமாகக் கொண்டுசெல்லும் பொருள்களை உள்ளே வைத்து, இரு தோள்களிலும் மாட்டிச் சில நிமிடங்கள் நடந்து பாருங்கள்.

பயணத்தின்போது

இருசக்கர வாகனத்தின் கைப்பிடியில் பையைத் தொங்கவிடாதீர்கள். வண்டியைத் திருப்ப அது இடையூறாகும். தொங்கும் பட்டை முனைகள் சக்கரத்தில் சிக்காதபடி உள்ளே செருகுங்கள். கனரக வாகனங்கள் ஓடும் துறைமுகச் சாலையில் இரவில் செல்வோருக்கு ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டை உள்ள பை பாதுகாப்பானது. பணி நிமித்தம் முத்துநகர் விரைவு ரயிலில் சென்னை செல்வோர், துணிமணிகளைச் சக்கரமுள்ள பெட்டியில் எடுத்துச் செல்வது நலம். கீழிருக்கும் பையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

வியர்வையில் நனைந்த பை தோலில் அரிப்பையும் பூஞ்சைத் தொற்றையும் உண்டாக்கலாம். வாரம் ஒருமுறை பட்டைகளையும் முதுகுப்புறத்தையும் துடைத்து உலரவிடுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

எடையைக் குறைத்த பின்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் வலி நீடித்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். கை மரத்துப்போதல், கையை உயர்த்த இயலாமை, பிடி தளர்தல் ஆகியவை தோன்றினால் பை சுமப்பதை நிறுத்தி, தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகுவலியுடன் கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை அவசர நிலையின் அறிகுறிகள். உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள். பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.